கரையும் வரை பேசக்கூடாது

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, வந்தவர்களை அனுப்பிவிட்டு வந்த என் பெரியப்பா திருப்தியாகச் சொன்னார்: "பொண்ணும் பார்மசி, மாப்பிள்ளையும் பார்மசி. இதுக ரெண்டுக்கும் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது பாருங்க."

பஞ்சம்தான் இருந்தது. தை மாதம் கல்யாணம். மாசி முடிவதற்குள் அவர் ஆராய்ச்சி வேலைக்காகத் தென்கொரியாவுக்குப் போய்விட்டார். இடைப்பட்ட நாட்களில் என் ஊரான நாரணாபுரத்திலும் அவர் ஊரான சாத்தூரிலும் விருந்துக்குக் கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் போய் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, யோசிக்கும்போது கட்டைவிரல் நகத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பார், வண்டி ஓட்டும்போது முன்னால் போகிற லாரிகளின் பின்பக்கத்து எழுத்துகளை முணுமுணுவென்று படிப்பார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மதுரை விமான நிலையத்தில் அத்தை, அதாவது அவருடைய அம்மா, அழுதார். நான் அழவில்லை. அழுவதற்கு எனக்கு இன்னும் உரிமை வரவில்லை என்பதுபோல ஒரு கூச்சம்.

நான் சாத்தூரில் மாமனார் வீட்டிலேயே தங்கினேன். மாமா பட்டாசு லோடு அனுப்புகிற ஒரு லாரி ஆபீசில் வேலை பார்க்கிறார். நான் விருதுநகர் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் ஒரு பார்மசி கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். காலையில் பேருந்து, சாயங்காலம் பேருந்து. வீட்டுக்கு வந்து முகம் கழுவினதும் அவருடைய அழைப்பு வரும். அங்கே அப்போது சாப்பாடெல்லாம் முடிந்திருக்கும்.

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல. நீங்க சாப்பிட்டீகளா?"

"ம்."

அதற்குப் பிறகு என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியாது. அத்தையிடம் போனைக் கொடுப்பேன். அத்தைக்கும் அவருக்கும் பேச நிறைய இருந்தது. நான் அடுக்களையில் நின்றுகொண்டு அவர் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என்னிடம் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

ஆனி மாதத்தில் ஒரு நாள், "சாப்பிட்டியா"வுக்குப் பிறகு வழக்கமான இடைவெளி விழுந்தபோது, அவர் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்: "இன்னைக்கு ஃபிலிம் தட்டுல இருந்து உரியவே மாட்டேன்னுட்டு."

"அங்க மழையா?" என்று கேட்டேன்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"ஜெலட்டின்தான? காத்துல ஈரம் இருந்தா அதையும் குடிச்சிக்கிட்டு பிசுபிசுன்னுதான் கிடக்கும்."

"ரெண்டு நாளா விடாம ஊத்துது" என்றார். அப்புறம் கேட்க ஆளில்லாமல் இருந்தவர்போலப் பேசத் தொடங்கினார்.

அவர் ஃபிலிம் என்றது, அங்கே ஆய்வகத்தில் செய்துகொண்டிருந்த மருந்துப் படலத்தை. தபால்தலை அளவில் மெல்லிய ஒரு துண்டு. அதைக் கன்னத்தின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டால் எச்சிலில் ஊறி மெதுவாகக் கரையும். அதிலிருக்கிற மருந்து கன்னத்துச் சவ்வு வழியாக நேரே ரத்தத்தில் சேரும். மாத்திரையை விழுங்கினால் வயிற்றையும் ஈரலையும் தாண்டித்தான் போகவேண்டும். சில மருந்துகளில் பெரும்பகுதியை ஈரலே அழித்துவிடும். இதில் அந்தச் சுற்று இல்லை. விழுங்க முடியாதவர்களுக்கு, விழுங்கியதை வாந்தி எடுத்துவிடுகிறவர்களுக்கு உதவும். ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து, வளைந்து கொடுப்பதற்குக் கொஞ்சம் கிளிசரின் விட்டு, தட்டில் ஊற்றிக் காயவைத்து உரித்தெடுக்கவேண்டும். சொல்வதற்கு அப்பளம் போடுவதுபோலத்தான் இருக்கும். செய்யும்போது ஆயிரம் தொல்லை.

வெயில் கொளுத்துகிற ஊரில் இந்தப் படலம் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்கவேண்டும் என அவருடைய பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தாராம். "எங்க ஊரவிட வெயிலான ஊர் எங்க இருக்கு? என் பொண்டாட்டியே பார்மசி லெக்சரர்னு சொல்லிட்டேன்" என்றார். பொண்டாட்டி என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் கல்லூரி முதல்வரிடம் அனுமதி கேட்டேன். மாணவர்கள் போன பிறகு ஆய்வகத்தைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார்.

முதல் நாள் ஜெலட்டினைக் காய்ச்சிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அத்தை என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

"என்ன தாயி, வச்சிர வாடை அடிக்கு? தீப்பெட்டி ஆபீசுக்கா போயிட்டு வர்ற?"

கல்யாணத்துக்கு முன்னால் அத்தை தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். குச்சி மருந்தில் சேர்க்கிற வச்சிரப் பசைக்கும் இதற்கும் மூலம் ஒன்றுதான், மாட்டுத் தோலும் எலும்பும். சொன்னேன். "இதையா வாயில வைக்கப்போறீக?" என்று முகத்தைச் சுளித்தார். "வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் தாயி. மத்த நாள்ல என்னமும் பண்ணிக்க."

எங்கள் முதல் சண்டை கிளிசரினால் வந்தது. அவர் அனுப்பிய அளவில்தான் செய்தேன். காலையில் வந்து தட்டைப் பார்த்தால் படலம் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் விரிசல் விட்டிருந்தது. தொட்டால் நொறுங்கியது. அவரிடம் சொன்னபோது, "அளவு சரியா விட்டியா? கண்ணால பாத்து ஊத்தினியா?" என்று கேட்டார். மாணவனிடம் கேட்பதுபோல இருந்தது. போனை வைத்துவிட்டேன். மறுநாள் அவர் கூப்பிட்டபோது நானே ஆரம்பித்தேன்.

"நீங்க இந்த ஊர்க்காரரு தான? இந்தப் பக்கம் தீப்பெட்டியும் பட்டாசும் எதுக்கு வந்துச்சு? காத்துல ஈரமே கிடையாதுன்னுதான வந்துச்சு? மத்தியானம் சேலையக் காயப்போட்டா மறு முனைய உதறுறதுக்குள்ள முதல் முனை காஞ்சிருக்கும். அதெல்லாம் மறந்துபோச்சா? உங்க கிளிசரின் உங்க ஊருக்குத்தான் காணும், எங்க ஊருக்குக் காணாது."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு வந்தது, அத்தையிடம் சிரிக்கிற அதே சிரிப்பு. "எங்க ஊராம், உங்க ஊராம். சரி, நம்ம ஊருக்கு எவ்வளவு வேணும்னு நீயே சொல்லு." அன்று இரவு உணவின்போது நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அதிலிருந்து அவருடைய ஊரின் வானிலையைப் படலத்தைக் கேட்டே தெரிந்துகொண்டேன். உரிய மறுத்தால் மழை. ஓரம் சுருண்டால் குளிர் தொடங்கி அறைக்குள் ஹீட்டர் போட்டுவிட்டார்கள். எனக்கு ஐப்பசி அடைமழையில் தட்டில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டபோது, "அங்கயும் மழை வந்துருச்சா?" என்று ஏக்கத்தோடு கேட்டார். அங்கே பெய்கிற மழையில் மண் வாசம் இல்லையாம்.

அந்த ஐப்பசியில்தான் எங்கள் தலைதீபாவளி. மாப்பிள்ளைக்கென்று என் அப்பா எடுத்து வைத்த பட்டு வேட்டி பீரோவிலேயே இருந்தது. நாரணாபுரத்தில் எங்கள் தெருவில் அந்த வருடம் கல்யாணமான இன்னொரு பெண்ணும் புருஷனோடு வந்திருந்தாள். அவள் புருஷன் சரவெடியைக் கொளுத்திவிட்டுப் பின்னால் ஓடிவந்து அவள் மேல் மோதிக்கொண்டு நின்றான். நான் உள்ளே போய் அம்மாவுக்கு இடியாப்பம் பிழிந்து கொடுத்தேன்.

தீபாவளி முடிந்து வாய்க்குள் வைத்துப் பார்க்கிற கட்டம் வந்தது. மருந்து எதுவும் சேர்க்காத வெறும் படலம்தான். இரண்டு இடத்திலும் அனுமதி வாங்கியிருந்தோம். அங்கே அவரும் அவருடைய ஆய்வகத்தில் சிலரும், இங்கே நானும் எங்கள் ஆசிரியர்களில் சிலரும். கன்னத்தில் எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உறுத்துகிறதா, இடம் நகர்கிறதா என்று பார்க்கவேண்டும். வாயைக் கொப்பளித்து, படலத்தைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்து, விரலால் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கவேண்டும். பிறகு கரையும் வரை சாப்பிடக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது, பேசக்கூடாது.

"நாம ரெண்டு பேரும் வீடியோல இருந்துக்கிட்டே ஒண்ணா வச்சுப் பாக்கலாம். நீ எனக்குச் சாட்சி, நான் உனக்குச் சாட்சி" என்றார் அவர்.

முதல் நாள் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் எதையோ கீழே குனிந்து பார்த்தார். எப்போதாவது இருவருடைய பார்வையும் ஒரே நேரத்தில் திரும்பிவிட்டால் உடனே விலகிக்கொள்ளும். பெண் பார்க்க வந்த அன்றுகூட அவ்வளவு வெட்கம் இல்லை. நல்லவேளை, வெறும் ஜெலட்டின் உடம்புச் சூட்டுக்குச் சீக்கிரமே கரைந்துவிட்டது. "போயிருச்சு" என்றேன். "எனக்கும்" என்றார். அவசரமாகப் போனை வைத்துவிட்டோம்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த வாரத்தில் எப்போதோ நான் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவரைப் பார்த்தேன். முடி வளர்ந்து காதை மூடியிருந்தது. இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோதெல்லாம் நான் பார்க்காத தழும்பு. அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். படலம் நகர்கிறதா என்று அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் என் கை தன்னையறியாமல் என் கன்னத்துக்குப் போகும். தழும்பைக் காட்டி என்ன என்று சைகையில் கேட்டேன். கிரிக்கெட் மட்டையை வீசுவதுபோல் காட்டி, பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு கீழே விழுவதுபோல் நடித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து என் படலம் கன்னத்தைவிட்டு நழுவி நாக்குக்கு வந்துவிட்டது. அந்தத் தடவை கணக்கில் சேரவில்லை.

ஒரு நாள் அத்தை துணி மடிக்க உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தாயி, சண்டையா? ரெண்டு பேரும் வாயைத் தொறக்காம மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கீக?"

நான் தலையை ஆட்டினேன், வாயைக் காட்டினேன். அத்தைக்குப் புரியவில்லை. போனுக்குள் எட்டிப் பார்த்து, "ஏலே, அவ என்ன சொன்னா? நீ என்ன சொன்ன? கடல் தாண்டி இருந்துக்கிட்டு புள்ளைய எதுக்குலே கண்கலங்க வைக்க?" என்று மகனை அதட்டினார். அவர் அங்கே பேசவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் கண்ணில் தண்ணீர் வர உட்கார்ந்திருந்தார். கரைந்து முடிந்ததும் விளக்கிச் சொன்னேன். "அதுக்குக் காசு கொடுத்து நெட்டுப் போட்டு, பேசாமயா உக்காந்திருப்பாக?" என்று சொல்லிக்கொண்டே போனார். ஆனால் அதன் பிறகு அந்த நேரத்தில் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். டிவி சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொண்டார்.

ஜெலட்டின் சீக்கிரம் கரையாமல் பிடித்து நிறுத்த, கடற்பாசியிலிருந்து எடுக்கிற ஒரு பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். படலம் தேறத் தேற எங்கள் மௌனமும் நீண்டது. முதலில் அத்தையின் டிவி தொடரில் ஒரு விளம்பரம் வருவதற்குள் கரைந்துவிட்டது. மார்கழியில் தொடர் முடிகிற வரைக்கும் நின்றது. அவருடைய ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருக்கும். என் ஜன்னலுக்கு வெளியே காராச்சேவு போடுகிற எண்ணெய் வாசம் வரும். இரண்டு பேரும் ஒரு வார்த்தை இல்லாமல் உட்கார்ந்திருப்போம். உறுத்தியதா, புளித்ததா, நகர்ந்ததா என்று பிறகு ஒருவரையொருவர் கேட்டு எழுதிக்கொள்வோம். எனக்கு உறுத்தியது வேறு. அவர் கன்னத்துக்கும் என் விரலுக்கும் நடுவில் இருந்த கண்ணாடி.

விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கு நான் காப்புக் கட்டியிருந்த நாட்களில் படலத்தை வாயில் வைக்க முடியாது. அப்போது வழக்கம்போலப் பேசினோம். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விரதம் எப்போது முடியும் என்று காத்திருந்தேன். ஆத்தாளிடம் அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த தீபாவளிக்கு அவர் வந்தார். விமான நிலையத்தில் நேரில் பார்த்தபோது அவர் உயரம் எனக்கு மறந்துபோயிருந்தது தெரிந்தது. போனில் கழுத்து வரைக்கும்தானே பார்த்திருக்கிறேன்.

வீடு நிறைய ஆட்கள். மாமாவுக்கு சீசன், கடைசி லோடு ஏறும் வரை வீட்டுக்கு ஒழுங்காக வரமுடியவில்லை, அதனால் அவர் செய்யவேண்டிய வேலைகளெல்லாம் இவர் தலையில். சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு, நாரணாபுரம், மறுபடியும் விருந்து, மறுபடியும் பக்கத்தில் பக்கத்தில் இலை. ஊரெல்லாம் அவரிடம் பேசியது. நான் மட்டும் பேசுவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தேன். இரவில் அறைக்கு வந்ததும் களைப்பில் தூங்கிவிடுவார். தூங்குகிற முகத்தின் புருவத் தழும்பை ஒரு நாள் தொட்டுப் பார்த்தேன்.

தீபாவளி விடுமுறை முடிவதற்கு முந்தின நாள், "உன் லேபைக் காட்டேன்" என்றார். பைக்கில் போனோம். கல்லூரியில் வாட்ச்மேனைத் தவிர யாரும் இல்லை. நான் ஜெலட்டினை ஊறப்போட்டேன், அவர் வெந்நீரின் சூட்டைப் பார்த்தார். குமிழ் வராமல் கிளறவேண்டும் என்று நான் சொல்வதற்குள் அவர் கரண்டியை மெதுவாக்கிவிட்டார். அவர் கிளிசரினை எடுத்து, "நம்ம ஊர் அளவு" என்று சொல்லிக்கொண்டே சேர்த்தார். தட்டை நான் சாய்த்துப் பிடிக்க அவர் ஊற்றினார். கரைசல் தட்டு முழுவதும் தானாகப் பரவி அடங்கும் வரை இருவரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தோம். அவர் தோளில் என் தோள் பட்டுக்கொண்டிருந்தது. அவர் விலகவில்லை. நானும் விலகவில்லை.

"அங்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க" என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டே.

"நீங்க என்ன சொன்னீக?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். நீ என்ன சொல்ற?"

வந்திருங்க என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் இந்த ஊரில் அவர் படிப்புக்கு என்ன வேலை இருக்கிறது? இவளால்தான் திரும்பி வந்தேன் என்று பின்னால் ஒருநாள் அவர் நினைத்துவிட்டால்? "உங்களுக்கு எது நல்லதோ அதைச் செய்யுங்க" என்றேன். அவர் கட்டைவிரல் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். படலம் காய்வதற்கு முன்னாலேயே அவருடைய விடுமுறை முடிந்துவிட்டது. நான்தான் திங்கட்கிழமை போய் உரித்தேன். ஒரு விரிசல்கூட இல்லாமல் முழுசாக வந்தது. இந்தத் தடவை விமான நிலையத்தில் அத்தையைவிட நான் அதிகமாக அழுதிருந்தேன்.

அவர் போன பிறகு அங்கே வேலை மாறிவிட்டது. எங்கள் படலத்தின் சோதனைகள் முடிந்து, கட்டுரை எழுதுகிற கட்டத்துக்குப் போனது. அடுத்த படலத்தை ஜெலட்டின் இல்லாமல் வேறு ஒரு பொருளில் செய்யத் தொடங்கினார்கள். ஒட்டுகிற நேரத்தை அளக்க ஒரு கருவியும் வாங்கிவிட்டார்கள். வாயில் வைத்துப் பார்க்க இனி நாங்கள் தேவையில்லை. கட்டுரையில் என் பெயரும் வரும் என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன். போனை வைத்த பிறகுதான் இனிமேல் சாயங்காலத்தில் என்ன செய்வது என்று தோன்றியது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க சாப்பிட்டீகளா?"

மறுபடியும் அங்கேயே வந்து நின்றோம். பேசுவதற்கு எத்தனையோ இருந்தது. ஆனாலும் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இப்போது ஒரு காரணமும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று எந்த மனைவி கேட்பாள்?

தை மாதம் அத்தை என்னிடம் வந்து உட்கார்ந்தார். காரணமில்லாமல் என் சேலை முந்தானையை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னார்: "அவன் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடப்போறானாம்ல. மாமா சொன்னாக. எனக்கு வேணாம்னு சொல்ல வாய் வரல தாயி. புள்ள முன்னேறுறத அம்மாக்காரி தடுத்தான்னு ஆயிரும்லா. நீயும் சொல்ல மாட்டேங்க. அம்புட்டுப் பேரும் சும்மா இருந்தா அவனுக்கு எப்படித் தெரியும், இங்கன அவன் இல்லாம ஆகலைன்னு?"

அத்தையும் என்னைப்போலவே அடுக்களையில் நின்று, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவர் "சாப்பிட்டியா" என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "எனக்கு உங்ககூட இருக்கணும்" என்றேன். "நீங்க வந்திருங்க, இல்லன்னா என்னைக் கூப்பிட்டுக்கோங்க."

"லேப்ல வச்சு நீ இதைச் சொல்லுவன்னு நினைச்சேன். நீ சொல்லல. சரி, உனக்கு அப்படி ஒண்ணும் இல்லபோலன்னு…" என்று இழுத்தவர் சொன்னார்: "ரெண்டு வருஷம் கேட்டாங்க, ஒரு வருஷத்துக்கு மட்டும்னு கையெழுத்துப் போட்டுட்டேன். அதை இனி மாத்த முடியாது. அதுக்கு மேல ஒரு நாள்கூட இருக்க மாட்டேன்."

ஒரு வருடம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவரும் போனை வைக்கவில்லை. பிறகு அவர்தான் கேட்டார்: "கோடை லீவுக்கு உனக்கு எத்தனை நாள் விடுவாங்க?"

இப்போது பங்குனி வெயில் ஏறிவிட்டது. பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசாவுக்குக் கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. அத்தை மிளகாய்ப் பொடி திரித்து வைத்துவிட்டு, சேவு யாரிடம் போடச் சொல்லலாம் என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறார். அங்கே போய் என்ன பார்க்கப்போகிறாய் என்று கல்லூரியில் கேட்கிறார்கள். கோபுரம், கடற்கரை, பூ மரம் என்று அவரும் ஏதேதோ படங்கள் அனுப்புகிறார்.

அவர் அறையில் எனக்குத் தெரிந்தது அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சுவரும் ஒரு ஜன்னலும்தான். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை சாயங்காலமும், அவர் கண்ணெதிரே போனுக்குப் பின்பக்கம் என்ன இருந்தது என்று நேற்றுக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. ஒரு அலமாரி. பக்கத்துல சட்டை மாட்டுற கொக்கி. எதுக்குக் கேக்க?"

"சும்மாதான்" என்றேன்.

அந்த அலமாரியை நான் பார்க்கவேண்டும்.